டீச்சர் மறந்து வைத்த மருந்து

அந்தப் பக்கம் வேண்டாம் சிஸ்டர், வெயில் விழும். இங்கே உட்காருங்கள். பையை என் காலடியில் வைத்துக்கொள்ளலாம். மேலக்கரிசல் துணை சுகாதார நிலையத்துக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டீர்கள் இல்லையா, காதில் விழுந்தது. புதிதாக வந்திருக்கும் நர்ஸா? நல்லது. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. நானும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

ஜன்னல் திறந்தே இருக்கட்டும். எனக்கு இளைப்பு உண்டு. பேசும்போது மூச்சில் ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டாம், தானாக அடங்கிவிடும்.

நீங்கள் நர்ஸ் என்பதால் ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கவரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் மாத்திரை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆமாம், இளைப்புக்கு உள்ளதுதான். கவர் மேல் எழுதியிருப்பது என் பெயர். ஸ்டெல்லா டீச்சர், காலை ஒன்று, இரவு ஒன்று. டாக்டரிடம் இருக்கும் கம்பவுண்டர் எழுதியது. அட்டையில் பத்து இருந்தது. ஏழு போய்விட்டது, மூன்று மிச்சம்.

இந்த ஏழு மாத்திரையில் ஒரு ஆள் செத்துப்போக முடியுமா? அதுதான் கேள்வி. இப்போது சொல்ல வேண்டாம். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நான் இதைப் பதினோரு வருடம் சாப்பிட்டேன். எனக்கு என்ன ஆகிவிட்டது? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் பி.டி. டீச்சர். இந்த வழியில் உள்ள பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம். கபடிதான் என் விளையாட்டு. சின்ன வயதில் நன்றாகவே ஆடினேன். மாநிலத் தேர்வுக்குப் போகிற வருடம் இளைப்பு வந்தது. கபடியில் மூச்சுதானே எல்லாம். கபடி கபடி என்று விடாமல் சொல்லிக்கொண்டே எதிராளி கட்டத்துக்குள் போக வேண்டும். எங்கள் பக்கம் அதைப் பாட்டு என்போம். பாட்டு நின்றால் அவுட். நடுவர் விசில் ஊதிவிடுவார். எனக்கு எட்டு எண்ணுவதற்குள் பாட்டு நின்றுவிடும். சரி, அது என் கதை. அதை விடுங்கள்.

பேச்சித்தாய் என்று ஒரு பெண். மேலக்கரிசல்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவளை நான்தான் திரும்ப மைதானத்துக்கு இழுத்துவந்தேன். பத்தொன்பது வயது. நல்ல உயரம், நல்ல தோள். அவள் பாடிப் போனால் உதடு அசைவது தெரியாது, சத்தம் மட்டும் தரையிலிருந்து வருகிற மாதிரி வரும். பத்தாக்குறைக்கு நடிப்பு வேறு. எதிராளி கட்டத்துக்குள் நின்று தள்ளாடுவாள், முட்டி மடங்கும், கண் சொருகும். இவள் கதை முடிந்தது என்று நான்கு பேர் பிடிக்க வருவார்கள். நான்கு பேரையும் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டியிருப்பாள். தாண்டி நின்று, "செத்தவளத் தொட்டா தீட்டுட்டி" என்று சொல்லுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்த வருடம் ஜூனியர் பெண்கள் அணிக்கு மாநிலத் தேர்வு. அவளுக்கு அதுதான் கடைசி வருடம், அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும். மாநில அணியில் ஆடிய சர்டிஃபிகேட் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு மனுப் போடலாம். அவள் அம்மா முத்துக்கனிக்கு வேலை என்றால் என்னவென்று தெரியும், ஒதுக்கீடு என்றால் தெரியாது. என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள்: "டீச்சர், இவ தாவித் தாவிக் குதிச்சா கவர்மெண்டுல சம்பளம் குடுப்பாகளா?" கொடுப்பார்கள் என்றேன். "அப்படின்னா குதிக்கட்டும்" என்றார்கள்.

ஒரே தடங்கல், எடை. ஜூனியர் பெண்கள் அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. பேச்சி அறுபத்தொன்பது. எங்கள் பள்ளிக்கூடத்து எடை மெஷினை நம்ப முடியாது என்று பக்கத்தில் ரேஷன் கடைத் தராசில் ஏற்றினோம். சேல்ஸ்மேன் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒரு கார்டுக்கு இவ்வளவு சீனி தர முடியாது" என்றான். பேச்சி தராசிலிருந்து இறங்காமலே, "பாதியப் பாமாயிலாப் போட்டுக் குடுங்கண்ணே" என்றாள்.

இருபத்தாறு நாள் இருந்தது. சோற்றைக் குறைத்தேன். ஓடவிட்டேன். ஒரு வாரத்தில் ஒன்றரைக் கிலோ போனது, கூடவே பலமும் போனது. பிடித்தால் உதறிக்கொண்டு வருகிறவள், பிடித்த இடத்தில் உட்கார்ந்தாள். கொழுப்பு போக வேண்டும், சதை போகக் கூடாது. இதை எப்படிச் செய்வது? யாரிடம் கேட்பது?

என்னிடம் படித்த பையன் இல்லை, என் அக்காள் மகனோடு படித்தவன், ஆல்வின் என்று பெயர், டவுனில் ஜிம் வைத்திருக்கிறான். அவனிடம் கேட்கப் போனேன். மாடிப்படி ஏறினதில் எனக்கு மூச்சு வாங்கிற்று. பையிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டேன். அவன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "டீச்சர், நீங்க தின்னுத மாத்திரை என்னன்னு தெரியுமா? இங்க பயலுவ இதுக்கு நாயா அலையுதானுவ. இதே ஜாதியில இன்னொண்ணு இருக்கு, வெளிநாட்டுல இளைப்பு வந்த குதிரைக்குக் குடுக்கிறது. அதுக்கு எங்க போக? இதையே தின்னுட்டு ஆணழகன் மேடை ஏறுதானுவ. கொழுப்ப மட்டும் உருக்கும், சதை அப்படியே நிக்கும்."

பெண்பிள்ளைகள் சாப்பிடலாமா என்று கேட்டேன். கேட்காமல் கொடுக்கவில்லை சிஸ்டர். அதைக் கவனியுங்கள். "பொம்பளப் பிள்ளையளுக்கு இதுதான் நல்லது. ஸ்டீராய்டு ஊசின்னா கொரல் ஒடையும், மீசை வரும். இதுல அந்த வம்பே இல்ல. கை கொஞ்சம் நடுங்கும். நடுங்குனாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றான்.

மூச்சைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அது நானே யோசித்தது. திரும்பி வரும்போது இதே பஸ்ஸில்தான் வந்தேன், அந்த மூன்றாவது சீட்டில். மூச்சே இல்லாத எனக்கு இந்த மாத்திரை மூச்சைக் கொடுக்கிறது. அப்படியானால் நல்ல மூச்சு உள்ளவளுக்கு எவ்வளவு கொடுக்கும்? எடையும் இறங்கும், பாட்டும் நீளும். ஒரே மாத்திரையில் இரண்டு வேலை. இத்தனை நாள் என் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தெரியாமல் இருந்துவிட்டேனே என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

விஷம் கொடுக்கவில்லை. எனக்கு எழுதிக்கொடுத்த மருந்தை, என் வாயில் போட வேண்டியதைக் கொடுத்தேன். முதலில் பாதி. அப்புறம் ஒன்று. அவளுக்கு நல்லதாகத்தான் தெரிந்தது. வேர்த்தாள், பசி போயிற்று, ஒரு வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிற்று. பிறகு தராசு நின்றுவிட்டது. மூன்று நாள் அசையவே இல்லை. ஆல்வினிடம் போனில் கேட்டேன். உடம்பு பழகிவிட்டது, கூட்டுங்கள் என்றான். எனக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை பற்றாமல் போயிற்று. டாக்டரிடம் போய், இளைப்பு அதிகமாகிவிட்டது, இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறேன் என்று சொல்லி வாங்கிவந்தேன். அது ஒரு பொய் என்றால் பொய்தான். ஆனால் இப்போது அது உண்மையாகிவிட்டது பாருங்கள். இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறேன்.

ஏழு மாத்திரை என்றேன் இல்லையா, அது இந்த அட்டையில். இதற்கு முன்னால் சில அட்டை உண்டு.

கை நடுங்கத்தான் செய்தது. விளையாட வரும்போது பின்னலை மடித்துக் கட்ட வேண்டும். அவளால் ரிப்பனை முடிச்சுப் போட முடியவில்லை. மூன்று தடவை நழுவவிட்டாள். நான்தான் கட்டிவிட்டேன். அதிலிருந்து தினமும் நான்தான் கட்டினேன். கழுத்தில் கை படும்போது, தோலுக்குக் கீழே அவள் நாடி ஓடும். ஓடும் என்றால், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. "நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சிக்கிடுத மாரி இருக்கு டீச்சர்" என்றாள். எனக்கும் அப்படித்தான் முதலில் இருந்தது, பழகிவிடும் என்றேன். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றாள். நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன், முட்டி போட்டு உட்கார்ந்து. எந்த டீச்சர் செய்வாள்? தூக்கம் வரவில்லை என்றாள். அதற்கு அவளே, "தூங்காம இருந்தா ராத்திரியும் பீடி சுத்தலாம். அம்மைக்கு லாபந்தான்" என்றாள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பயந்துவிடுவார்கள் இல்லையா, அதற்காக. கவரைக் கிழித்துப் போட்டுவிடு, அட்டையை மட்டும் வைத்துக்கொள் என்றும் சொன்னேன். தேர்வுக்கு வருகிறவர்களிடம் சிறுநீர் எடுத்துப் பார்ப்பார்களா என்றும் விசாரித்துவைத்திருந்தேன். அதெல்லாம் பெரிய போட்டிகளில்தானாம். தப்பான எண்ணத்தில் விசாரிக்கவில்லை. பொறுப்பாக இருப்பவள் எல்லாவற்றையும்தானே விசாரிப்பாள்.

விசில் ஊதினான் பாருங்கள். ஒன்றுமில்லை, ஸ்டாப் வருகிறது. எனக்கு இந்தச் சத்தம் கேட்டால் உடம்பு ஒருமுறை குலுங்கும். பழக்கம்.

தேர்வுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. தராசில் ஏறினாள். அறுபத்துநான்கு எண்ணூறு. முந்தின மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, அதற்கு முன் இரண்டு நாளும் அளந்துதான் குடித்தாள். சேல்ஸ்மேன் கைதட்டினான். பேச்சி இறங்கும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன் டீச்சர் என்றாள். நான், ஒரே ஒரு பாட்டு போய்விட்டுப் போ, இந்த எடையில் கால் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். அதை எந்தக் கோச்சும் சொல்வாள்.

ஒன்பதரை மணி இருக்கும். பின்னலைக் கட்டிவிட்டேன். விசில் என் கையில். அவள் பாடிப் போனாள். கோட்டைத் தாண்டின உடனே ஒருத்தியைத் தொட்டாள், பெயர் ஜெபசெல்வி. தொட்டுவிட்டுத் திரும்பவில்லை. உள்ளே போனாள். பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. சன்னமாக, தரையிலிருந்து வருகிற மாதிரி. அப்புறம் கேட்கவில்லை.

நான் விசில் ஊதினேன்.

பாட்டு நின்றால் ஊத வேண்டும். கை தானாக ஊதிவிடும், யோசிக்காது. அவுட் என்று கையைத் தூக்கினேன். அப்போது அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்தாள். முட்டி மடங்கிற்று, கண் சொருகிற்று, பக்கவாட்டில் விழுந்தாள். கை நடுக்கோட்டைப் பார்த்து நீண்டிருந்தது.

யாரும் கிட்டப் போகவில்லை. ஜெபசெல்வி சிரித்தாள். "நடிக்கா டீச்சர். கிட்ட வாங்கட்டியோவ்ன்னு கெடக்கா." மற்றவர்கள் வளைத்து நின்றார்கள், அவள் எந்தப் பக்கம் பாய்வாள் என்று காலைத் தயாராக வைத்துக்கொண்டு. நானும் நின்றேன். "பாட்டு நின்னாச்சு, நீ அவுட்டு, எந்திரி" என்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை சொன்னது ஒரு நிமிடம் என்று. இன்னொருத்தி சொன்னாள், இல்லை, ஒரு முழுப் பாட்டு நேரம் என்று. அப்படியென்றால் முப்பது செகண்டு. முப்பது செகண்டுதான் இருக்கும்.

ஆட்டோவில் கொண்டுபோனோம். டூட்டி டாக்டர் சின்னப் பெண், உங்கள் வயதுதான் இருக்கும். நல்ல பெண். என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டாள். வெயிலில் விளையாடினாள், காலையில் சாப்பிடவில்லை என்றேன். அது உண்மை. மாத்திரை மருந்து ஏதாவது எடுத்தாளா என்று கேட்டாள். வெயில் என்றேன். அவள் திரும்பவும் கேட்டாள், என் கண்ணைப் பார்த்து, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம், எதுவா இருந்தாலும் பரவால்ல." நான் இல்லை என்று தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லை.

அப்போது பேச்சிக்கு உயிர் இருந்தது. அதற்கப்புறமும் நாற்பது நிமிடம் இருந்தது.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் சிஸ்டர்? ஒன்றும் செய்திருக்க முடியாது, இல்லையா? அல்லது அதற்கென்று ஏதாவது இருக்கிறதா? வேண்டாம், சொல்ல வேண்டாம்.

வெயில் என்றுதான் ஊரில் பேச்சு. பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. இரண்டு வருடம் ஆகிறது. அவள் பெயரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறேன், வருடா வருடம் போட்டி. எல்லாம் என் கைக்காசு. அம்மா வந்துதான் கோப்பையைக் கொடுப்பார்கள். முதல் வருடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா எம்பிள்ளைக்கு யாரு டீச்சர் இவ்வளவு செய்வா" என்றார்கள். மைக்கில் கேட்டுவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நல்ல மனுஷி. பீடித்தூள் எனக்கு ஆகாது. நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் பீடித்தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்து மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, தரையை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் என்னை உட்காரச் சொல்வார்கள். "டீச்சருக்கு மூச்சு முட்டும்" என்று அக்கம்பக்கத்தாரைச் சத்தமாகப் பேசக்கூட விடமாட்டார்கள். என் மூச்சுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்படி ஒரு மனசு.

போன மாதம் இதே பஸ்ஸில், இதோ இந்தக் கண்டக்டர் என்னிடம் இந்தக் கவரைக் கொடுத்தான். "மேலக்கரிசல் முத்துக்கனியக்கா குடுத்துவிட்டாக. பேச்சி டிரங்குப் பெட்டியில சர்டிபிகேட்டுக்கு அடியில கெடந்துச்சாம். டீச்சர் மறந்து வச்சிட்டுப் போயிட்டாக, இது இல்லாம மூச்சு முட்டி என்ன பாடுபடுதாகளோ, கையில குடுத்துருப்பான்னு சொன்னாக."

அவ்வளவுதான் சொன்னார்களாம். நான் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஓடுத வண்டியில மொகத்த யாரு பாத்தா டீச்சர்" என்கிறான்.

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் பெயர் எழுதியிருந்தால் தெரியும். சர்டிஃபிகேட்டில் எல்லாம் கீழே அதுதானே இருக்கிறது. இரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்துத் துடைத்து வைக்கிறவர்கள். என் மாத்திரை அவர்கள் மகள் பெட்டியில், அடியில் ஏன் இருக்க வேண்டும்? மறந்து வைத்தது என்றால் அலமாரியில் இருக்கும், ஜன்னலில் இருக்கும். பெட்டிக்குள் எப்படிப் போகும்? இது தோன்றாமலா இருக்கும்? தோன்றியிருந்தால் ஏன் அப்படிச் சொல்லி அனுப்ப வேண்டும்? தோன்றவில்லை என்றால், உண்மையாகவே எனக்காகத்தான் கவலைப்பட்டார்கள் என்றால்...

இரண்டில் எது என்று தெரிந்தால் போதும். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

இல்லை, இதில் ஒன்றைத் தாங்கிக்கொள்ள முடியாது. எது என்று கேட்காதீர்கள்.

மாத்திரையை நான் இப்போது தொடுவதில்லை. போட்டால் கை நடுங்கும், நடுங்கினால் ரிப்பன் ஞாபகம் வரும். போடாவிட்டால் மூச்சில் சத்தம் வருகிறது. கேட்கிறதா உங்களுக்கு? சன்னமாக, விடாமல். எனக்கு அது வேறு மாதிரி கேட்கும். நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. நின்றால்தான்.

இதோ தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. அதற்கப்புறம் பீடிக் கம்பெனி, அடுத்து நீங்கள் இறங்க வேண்டிய இடம்.

"டீச்சர், மேலக்கரிசல் வருது. இன்னைக்காவது எறங்குதீகளா? நாலு சனிக்கிழமையா கடைசி ஊர் வரைக்கும் வந்துட்டுத் திரும்புதீகளே."

பார்த்தீர்களா, கண்டக்டருக்குக் கேலி. நமக்கு இலவச டிக்கெட்தானே சிஸ்டர், எங்கே இறங்கினால் இவனுக்கு என்ன? கடைசி ஊரில் டீ நன்றாக இருக்கும்.

நீங்கள் போகிற இடத்திலிருந்து மூன்றாவது வீடுதான் முத்துக்கனி வீடு. நர்ஸம்மா வந்திருக்கிறார் என்று அவர்களே முதலில் வந்து பார்ப்பார்கள். ஒரு உதவி செய்வீர்களா? நான் சொன்னதையெல்லாம் நீங்கள் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு மருந்தைப் பற்றித் தெரியும், பக்குவமாகச் சொல்வீர்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அந்த டூட்டி டாக்டர் கேட்டது மட்டும் வேண்டாம். அதை விட்டுவிடுங்கள்.

இல்லை, கொஞ்சம் இருங்கள். விசிலையும் சொல்ல வேண்டாம். நாங்கள் சுற்றி நின்றதையும் சொல்ல வேண்டாம். தாய் மனசு.

பையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்து, படி உயரம்.

சிஸ்டர், மாத்திரையைப் பற்றியே எடுக்க வேண்டாம். நீங்கள் ஊருக்குப் புதுசு, வந்த அன்றைக்கே எதற்கு? டீச்சரைப் பஸ்ஸில் பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். கொடுத்துவிட்ட மருந்து வந்து சேர்ந்தது, வேளா வேளைக்குச் சாப்பிடுகிறார்கள், இப்போது மூச்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை இந்த நேரத்துக்கு இந்த இடத்தில் வந்து நில்லுங்கள், நான் ஜன்னலோரம்தான் இருப்பேன்.

விசில் கொடுத்துவிட்டான். இறங்குங்கள்.